எல்லாரும் இதைத்தானே நினைக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் அடுக்ககத்தில் மொட்டைமாடியில் சோலார் பேனல் வைக்கலாம் என்று யோசனை சொன்னேன். லிஃப்டில், பார்க்கிங்கில், காலை நடையில் பார்த்தவர்கள் எல்லாரும் “நல்ல விஷயம் சார்” என்றார்கள். சங்கக் கூட்டத்துக்கு வந்த 40 வீட்டுக்காரர்களில் 11 பேர்தான் கை தூக்கினார்கள். நேரில் ஒரு பேச்சு, கூட்டத்தில் ஒரு பேச்சு. ஏன் இவ்வளவு சுயநலம்?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அவர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. லிஃப்டில் சொல்லும் “நல்ல விஷயம் சார்” ஒரு மரியாதை. அதை வாக்காக எண்ணிக்கொண்டது நீங்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ ராஸும் அவருடைய சகாக்கள் இருவரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஓர் உணவுக்கடை விளம்பரத்தை முன்னும் பின்னும் அட்டையாக மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வர முடியுமா என்று மாணவர்களைக் கேட்டார்கள். சிலர் சரி என்றார்கள், சிலர் மறுத்தார்கள். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று அப்புறம் கேட்டபோது, சம்மதித்தவர்கள் சராசரியாக 62 சதவீதம் பேர் சம்மதிப்பார்கள் என்றார்கள். மறுத்தவர்களோ 67 சதவீதம் பேர் மறுப்பார்கள் என்றார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வழியே இல்லை.

மற்றவர்களும் நம்மைப் போலத்தான் முடிவெடுப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். நாம் பழகுவது பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களோடு என்பது அதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். ஒரே சொல் ஆளுக்கொரு பொருளாக மனதில் விரிகிறது. சோலார் என்றதும் உங்களுக்குத் தெரிவது வெயிலும் மிச்சமாகும் பணமும். மேல்மாடி வீட்டுக்காரருக்குத் தெரிவது தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகுமே என்ற கவலை. பென்ஷனில் இருப்பவருக்கு, மொத்தமாகக் கட்ட வேண்டிய தொகை. வீட்டை வாடகைக்கு விட்டவருக்கோ கரண்ட் பில் குறைந்தால் லாபம் தனக்கில்லை, குடியிருப்பவருக்கு. நீங்கள் எல்லாரும் ஒரே விஷயத்துக்கு வாக்களிக்கவே இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது, என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான். தன்னைப் போல முடிவெடுத்தவரை இயல்பானவர் என்று எடுத்துக்கொள்பவர்கள், மாற்றி முடிவெடுத்தவரின் குணத்தைப் பற்றி ஆணித்தரமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில் ‘சுயநலம்’ வந்ததும் இந்த வழியில்தான்.

அப்பா இறந்த பிறகு அம்மாவை ஊரிலிருந்து எங்களோடு அழைத்து வந்தேன். பேரப்பிள்ளைகளோடு இருக்க விரும்பாத பாட்டி உண்டா என்று நினைத்தேன். அம்மா எதுவும் சொல்லவில்லை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முகம் வாடியே இருந்ததைப் பார்த்து, பிடிவாதம் என்று மனைவியிடம் கோபப்பட்டும் பேசினேன். நான்கு மாதம் கழித்துத்தான் கேட்டேன். “வாசல்ல உக்காந்தா நாலு பேரு பேசிட்டுப் போவாங்கடா, இங்க கதவையே தொறக்க மாட்டேங்கறீங்க” என்றார். அடுத்த வாரம் ஊரில் கொண்டுபோய் விட்டேன்.

கை தூக்காத 29 பேரில் யாரிடமாவது, அவர் தயங்கியது எதனால் என்று கேட்டுப் பார்த்தீர்களா? மேல்மாடியிலிருந்து தொடங்கலாம். அவர்கள் சொன்னதையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்