வெறிச்சோடிய முற்றத்தில் மேளம் அடித்தால் ஆள் சேருமா?

கல்லூரி வளாகத்தில் எல்லாரும் குறுக்கே நடந்து போகிற, ஒருவரும் நிற்காத முற்றம். அங்கே கூடி மேளம் அடித்தால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. சத்தம் மட்டும் காரணமில்லை. 1970களில் நியூயார்க் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் எச். வொயிட், முன்பின் தெரியாதவர்களைப் பேசவைக்க ஒரு சிற்பமோ தெருக்கலைஞரோ போதும் என்று கண்டார். மேளம் அதற்கும் ஒரு படி மேல். வேடிக்கை பார்க்க வந்தவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.

வட்டமாக நாற்காலி போடுங்கள், ஆனால் வட்டத்தை மூடாதீர்கள். நடைபாதைப் பக்கம் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கட்டும், முன்னால் ஆளுக்கொரு ஜெம்பே (கையால் தட்டும் ஆப்பிரிக்க மேளம்). தோலின் நடுவில் உள்ளங்கை பட்டால் ‘தும்’, ஓரத்தில் விரல் பட்டால் ‘டக்’. இவ்வளவு தெரிந்தால் போதும், சேர்ந்துகொள்ளலாம். அப்புறம், ஒருவராவது அடிப்படைத் தாளத்தை விடாமல் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் ஏறி ஏறிக் கூச்சலாகிவிடும் (நான் பார்த்தவரை இதில்தான் பாதி வட்டங்கள் சொதப்புகின்றன).

வாராவாரம் அதே கிழமை, அதே நேரம். தேர்வு வாரத்தில் வேண்டாம். நிழலும் பெஞ்சும் இல்லாத முற்றமா? மேளம் ஓய்ந்ததும் கூட்டம் கலைந்துவிடும். முதலில் நிழலையும் பெஞ்சையும் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள்.