தரை மணக்கிறது, கால் ஒட்டுகிறது

கேள்வி: சமையலறையில் செராமிக் டைல்ஸ் தரை. அடுப்புக்கு முன்னால் இரண்டு வரிசையில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு போகவே மாட்டேன் என்கிறது. தரை துடைக்கும் திரவத்தில் மூன்று பிராண்டு மாற்றிப் பார்த்துவிட்டேன். துடைத்ததும் நன்றாக மணக்கிறது, அரை மணி நேரத்தில் கால் மறுபடி ஒட்டுகிறது. அடுத்து எதை வாங்கலாம்?

பதில்: நான்காவது பாட்டிலுக்குப் போவதற்கு முன், பழைய மூன்றின் லேபிளையும் திருப்பிப் படியுங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பெயர் இருந்தால் அது கிருமிநாசினி. அந்த வகைத் திரவத்தில் கிருமியைக் கொல்லவும் மணக்கவும்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும், எண்ணெயைப் பெயர்க்க இருப்பது கொஞ்சம். பாட்டிலில் ‘எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும்’ என்று எழுதியிருந்தால் ஒழிய, உங்களை யாரும் ஏமாற்றவில்லை. வேறு வேலைக்கான பொருளை வாங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இன்று சிந்திய எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவமே போதும். ஆனால் மாதக்கணக்கில் தரையில் கிடந்த எண்ணெய் வெறும் எண்ணெயாக இருப்பதில்லை. காற்றும் சூடும் பட்டுப் பட்டு அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வார்னிஷ் பூசினாற்போல் ஒரு மஞ்சள் படலமாக இறுகிவிடுகிறது. அதற்குக் காரம் (சுவை அல்ல, அமிலத்துக்கு எதிர்க்குணமுள்ள பொருள்) வேண்டும், கொஞ்சம் சூடு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும்.

சலவைச் சோடா வீட்டில் இருந்தால் எதையும் வாங்காமலேயே முயன்று பார்க்கலாம். இது சமையல் சோடா அல்ல. சமையல் சோடாவின் பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம் கூடும்) சுமார் 8, சலவைச் சோடாவினுடையது 11 வரை போகும். கை பொறுக்கும் சூட்டில் 5 லிட்டர் தண்ணீர், அதில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா, ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். கையுறை போட்டுக்கொண்டு, முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு, பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் ஊற்றி 10–15 நிமிடம் விட்டுவிடுங்கள். காயக் கூடாது, காய்ந்தால் மேலே கொஞ்சம் தெளியுங்கள். ஊற்றிய கையோடு தேய்க்க ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. காரம் பழைய எண்ணெயின் ஒரு பகுதியைச் சோப்பாகவே மாற்றிவிடும், அதற்கு அவகாசம் தர வேண்டாமா? அப்புறம் நைலான் பிரஷ். டைல்ஸ் இடுக்குகளில் உள்ள சிமென்ட் எண்ணெயை உறிஞ்சியிருக்கும் என்பதால் அங்கே பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இரண்டாவது சுற்றும் தேவைப்படலாம்.

ஊறிய அழுக்கை மாப்பால் இழுக்காதீர்கள். இழுத்தால் இரண்டு வரிசைப் பிசுக்கு ஆறு வரிசைக்குப் போய்விடும். பழந்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடையுங்கள். மாப்பையும் வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். எண்ணெய் ஏறிய மாப்தான் பல வீடுகளில் அசல் குற்றவாளி.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. கால் ஒட்டுவதற்கு எண்ணெய் மட்டும் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஒரு மூடி போதும் என்று லேபிள் சொன்னால் நாம் மூன்று மூடி ஊற்றுகிறவர்கள் (நானும் உட்பட). மிஞ்சிய திரவம் காய்ந்து அதுவே பசையாகிவிடும். ஈரத்துணியால் ஒரு டைலைத் துடைத்து, சுத்தமான தண்ணீரில் பிழிந்து பாருங்கள். நுரை வந்தால் தரையில் இருப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய திரவம்தான்.

கேள்வி: பிசுக்கு நீக்கும் திரவம் என்று தனியாக விற்கிறார்களே, அப்படியே தெளிக்கும் ஸ்பிரே வாங்கலாமா, தண்ணீர் கலக்கும் அடர்வகை வாங்கலாமா?

பதில்: தரைக்கு அடர்வகை. ஆனால் பாட்டில் விலையைப் பார்க்காமல், கலந்தபின் ஒரு லிட்டர் எவ்வளவுக்கு வருகிறது என்று கணக்குப் போடுங்கள். 1 பங்குக்கு 20 பங்கு தண்ணீர் என்றால் அரை லிட்டர் பாட்டிலில் பத்தரை லிட்டர் கிடைக்கும். இங்கேதான் சூட்சுமம். முன்பக்கம் பெரிய எழுத்தில் போடும் அளவு லேசான அழுக்குக்கானதாக இருக்கலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் கடும் பிசுக்குக்கு 1-க்கு 5 என்று இருந்தால், அதே பாட்டில் 3 லிட்டர்தான். உங்களுக்குத் தேவை அந்த இரண்டாவது கணக்கு.

எந்தெந்தப் பரப்புக்கு ஏற்றது என்ற பட்டியல் இல்லாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன். சேர்மானப் பட்டியலில் சோடியம் ஹைட்ராக்சைடு முதல் வரிசையில் இருந்தால் அது ஓவன் சுத்தம் செய்யும் ரகமாக இருக்கும். தரையில் ஊற்றி மண்டியிட்டுத் தேய்க்கிற பொருள் அல்ல, அலுமினியத்தையும் அரிக்கும். ‘இயற்கையானது’ என்ற சொல்லை வைத்து அது எண்ணெயை எடுக்குமா என்று எதுவும் தெரியாது.

கேள்வி: வினிகரும் சமையல் சோடாவும் கலந்து ஊற்றினால் பொங்கிக்கொண்டு வருகிறதே, அது வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது கொஞ்சம் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். அமிலத்துக்கு எண்ணெயைக் கரைக்கும் வேலையே கிடையாது. கழிப்பறை ஆசிட்டையும் இதற்கு எடுக்காதீர்கள், டைல்ஸ் இடுக்கு சிமென்ட் அரித்துப்போகும். அதைவிட முக்கியம்: பிளீச்சோடு ஆசிட்டோ வினிகரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஒன்றை ஊற்றிய இடத்தை நன்றாகக் கழுவாமல் மற்றதை ஊற்றவே கூடாது. மண்ணெண்ணெய்? அடுப்பு இருக்கும் அறையில் அந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: எங்கள் தரை மார்பிள். எண்ணெய் உள்ளே இறங்கிக் கருமையாகத் தெரிகிறது.

பதில்: மேலே சொன்ன சலவைச் சோடா வைத்தியம் உங்களுக்கு இல்லை, எலுமிச்சையும் வினிகரும் அறவே இல்லை. சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்துக் கறை மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களை ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துப் பசையை முழுக்கக் காயவிட்டு, மரக்கரண்டியால் வழித்துத் துடையுங்கள். உள்ளே இறங்கிய எண்ணெயைப் பசை கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கும். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று முறை போட வேண்டியிருக்கும். அன்றாடத் துடைப்புக்குக் கல் தரைக்கென்றே விற்கும் நடுநிலைத் திரவம், பிஎச் 7 என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.