விமானத் தூரமும் பயண நேரமும்: கேள்வி பதில்

புதுவையில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவன் என்பதால் இந்த வாரக் கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முத்தியால்பேட்டை: அண்ணா, சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 5.45 என்று டிக்கெட்டில் இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரமா?

இல்லை தம்பி, நாலேகால்தான். ஏறும் நேரம் நம் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அழைத்துப்போக வருகிறவருக்கு 5.45 என்றே சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம்: சென்னை–சிங்கப்பூர் தூரம் சுமார் 2,900 கி.மீ. வேகம் மணிக்கு 850 என்றால் மூன்றரை மணிகூட வரவில்லையே சார்?

அது பறக்கும் கணக்கு. டிக்கெட்டில் இருப்பது, நிறுத்திய இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரை. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவது எல்லாம் அதில் சேரும். குட்டிப் பயணத்தில் இது இன்னும் உறைக்கும். புதுவை–பெங்களூரு வான்வழியில் சுமார் 265 கி.மீ. ஏடிஆர் என்கிற, விசிறி சுழலும் சின்ன விமானம் மணிக்கு 500 கி.மீ. போகும். அரை மணி என்று மனக்கணக்குப் போட்டால் ஏமாந்தீர்கள், ஒரு மணிக்கு மேல் ஆகும்.

வைசியாள் வீதி: பாரிசுக்குப் போகும்போது நேரம் அதிகம், திரும்பும்போது குறைவு. ஏன்?

காற்றுதான். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று அடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் அதிகம். சென்னை–பாரிஸ் சுமார் 8,000 கி.மீ. எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ. என்றால் 850 வேகம் தரைக்கு 750 ஆகிறது: பத்தே முக்கால் மணிக்குக் கிட்டே. அதே காற்று முதுகில் தள்ளினால் 950: எட்டரைக்கும் குறைவு. வழி முழுக்க அப்படி அடிக்காது, அதனால் நிஜ வித்தியாசம் இவ்வளவு இராது.

விமானத்தில் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் வழி வளைந்து தெரிகிறதே என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளின் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். அந்த நூல்தான் குறுக்கு வழி; தட்டையான படத்தில்தான் அது வளைகிறது. இணையத்தில் தூரம் சொல்லும் தளங்கள் தருவதும் இந்த நூலின் நீளம்தான். ஒரு நாட்டு வான்வெளி மூடியிருந்தால் விமானம் சுற்றிப் போகும். 2022-க்குப் பிறகு உக்ரைன் மேலே பயணிகள் விமானம் போவதில்லை.

இன்னொன்று: பாரிசில் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். போன் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பாதித் தூக்கத்தில் எழுப்பாதீர்கள்.

லாஸ்பேட்டை: நம் ஊருக்கு ஏன் பெரிய விமானம் வருவதில்லை?

ஓடுதளம் சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆருக்குப் போதும். 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் தொடங்கியது அந்த வகை விமானத்தில்தான்.

நெல்லிக்குப்பம்: இரவு 11 மணி சிங்கப்பூர் விமானத்துக்கு வீட்டை விட்டு எப்போது கிளம்ப?

மதியம் 3 மணிக்கு. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இரவு 8 மணிக்கு இருக்க வேண்டும், சாலையில் நாலு மணி நேரம், தாம்பரம் நெரிசலுக்கு ஒரு மணி. ஞாயிறு என்றால் சென்னை திரும்புகிற கூட்டமும் சேரும். 2 மணிக்கே வண்டியை எடுங்கள்.