சர்வர்லெஸ் திட்டப்பணி வேலைக்கு உதவுமா? இறுதியாண்டு மாணவர் ஒருவருக்குப் பதில்

சர்வர்லெஸ் ஏபிஐ ஒன்றை, அதாவது சர்வரை நாமே பராமரிக்காமல் அமேசானின் மேகக்கணினிச் சேவைகளில் (AWS) இயங்கி, பிற செயலிகள் கேட்கும் தரவைத் தரும் இடைமுகம் ஒன்றை, இறுதியாண்டுத் திட்டப்பணியாகச் செய்தால் வேலை கிடைக்க உதவுமா என்று கேட்டிருந்தீர்கள். உதவும். ஆனால் லாம்டா (நிரலை இயக்கும் சேவை), டைனமோடிபி (தரவுத்தளம்), எஸ்3 (கோப்புக் கிடங்கு) என்று ரெஸ்யூமேயில் பெயர்களை அடுக்குவதால் அன்று. எந்தத் தரவு எப்போது பழையதாகிறது, அந்த எல்லையில் என்ன நடக்கிறது என்பதை நேர்முகத் தேர்வில் தடுமாறாமல் விளக்க முடிந்தால்தான் உதவும்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மின்மீட்டர் அளவீடுகள் இதற்குப் பொருத்தமானவையே. அடிக்கடி கேட்கப்படும் கடைசி 30 நாள் அளவீடுகளை டைனமோடிபியிலும், அதற்கு முந்தையவற்றை எஸ்3-இல் தேதிவாரியாகப் பிரித்த கோப்புகளாகவும் வைத்து, பழையவற்றை அதீனா (எஸ்3 கோப்புகளுக்குள் தேடும் சேவை) வழியே தேடலாம். அதீனா தான் படிக்கும் தரவின் அளவுக்கே கட்டணம் கணக்கிடுவதால், தேதிவாரிப் பிரிப்பு செலவைக் குறைக்கும்.

பெரும்பாலான மாணவர்கள் சறுக்கும் இடம் டிடிஎல், அதாவது பதிவுக்குக் காலாவதி நேரம் குறித்து அதைத் தானாக நீக்கவைக்கும் வசதி. காலாவதியான பதிவை டைனமோடிபி அந்த நொடியே நீக்கிவிடுவதில்லை. சில நாட்கள்கூட ஆகலாம். நீக்கப்படும்போதுதான் எஸ்3-க்கு நகர்த்துவேன் என்று நீங்கள் வடிவமைத்து, 30 நாளைத் தாண்டிய கேள்விகளை ஏபிஐ எஸ்3-க்கு மட்டுமே அனுப்பினால், 31ஆம் நாள் அளவீடு டைனமோடிபியில் இன்னும் இருந்தாலும் பயனருக்குக் கிடைக்காது. ஆகவே அளவீடு வந்து சேர்ந்தவுடனேயே, டைனமோடிபியில் நிகழும் மாற்றங்களை வரிசையாகத் தரும் ஸ்ட்ரீம் வழியாக எஸ்3-இலும் ஒரு படி எழுதிவிடுங்கள். எல்லையை ஒட்டிய தேதிகளுக்கு இரண்டு இடங்களிலும் தேடி, மீட்டர் எண்ணையும் நேரத்தையும் கொண்டு இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். ஸ்ட்ரீம் 24 மணி நேரம் மட்டுமே தரவை வைத்திருக்கும் என்பதால், எழுதும் லாம்டா அதற்கு மேல் முடங்கினால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் விடை வைத்திருங்கள். அனுபவமுள்ள தேர்வாளர் அதைத்தான் கேட்பார்.

கோரிக்கைகளை வாங்கி லாம்டாவுக்கு அனுப்பும் ஏபிஐ கேட்வேயின் இயல்பான காத்திருப்பு வரம்பு 29 நொடிதான். நீண்ட காலத் தேடல்களுக்கு முதலில் அந்தத் தேடலுக்கான ஓர் அடையாள எண்ணை மட்டும் கொடுத்து, முடிவைப் பின்னர் வந்து பெறும்படி அமைப்பதே முறை.

செலவைப் பற்றி உங்கள் தந்தை கவலைப்படுவது நியாயமே, கார்டு அவருடையது அல்லவா. லாம்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகள் இலவசம் என்றாலும், முதல் நாளே பட்ஜெட் எச்சரிக்கையை அமைத்துவிடுங்கள். அந்த எச்சரிக்கை தகவல் தருமே தவிர, செலவைத் தானாக நிறுத்தாது. கார்டு கொடுக்க அவருக்கு மனமில்லையென்றால், டைனமோடிபி லோக்கலை உங்கள் மடிக்கணினியிலேயே நிறுவி, எல்லைத் தேதிகளுக்கான சோதனைகளை அதில் எழுதத் தொடங்கலாம்.