மண் வள அட்டை சொல்லாத ஈயம்

கேள்வி: குரோம்பேட்டையில் 40 ஆண்டுப் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். கொல்லைப்புறத்தில் முன்பு பேட்டரி பழுதுபார்க்கும் பட்டறை இருந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மண் வள அட்டையில் எல்லாம் இயல்பாகவே இருக்கிறது. கீரைப் பாத்தி போடலாமா? எங்கள் இரண்டு வயதுப் பேத்தியும் அங்கேதான் விளையாடுகிறாள்.
– வாசகி, சென்னை-44

பதில்: பாத்தியைத் தள்ளிவையுங்கள் அம்மா, பேத்தியை இன்று முதலே அந்த மண்ணில் விடாதீர்கள். மண் வள அட்டை பொய் சொல்லவில்லை. பயிருக்கு என்ன வேண்டும் என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட சோதனை அது. அதன் 12 அளவீடுகளில் துத்தநாகமும் தாமிரமும் நுண்ணூட்டங்களாக இடம்பெறுகின்றன; ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றுக்கு அதில் இடமே இல்லை.

நகரத்து மண்ணில் கன உலோகம் எவ்வளவு என்பதை, அங்கே இன்று நிற்கும் கட்டடத்தைவிட நேற்று நடந்த தொழிலே பெரிதும் தீர்மானிக்கிறது. உங்கள் ஊரின் பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். அதற்காக ஊர் மண் முழுவதும் கெட்டது என்று பொருளல்ல. ஒவ்வொரு மனைக்கும் ஒரு வரலாறு உண்டு, அதை விசாரிக்க வேண்டும் என்பதே நான் சொல்வது. ஈயம் மக்குவதில்லை, களிமண்ணோடும் மட்கோடும் இறுகப் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடக்கும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுவதும் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டாலும், அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகையோடு வந்து படிந்த ஈயம், யாரும் மண்ணை அள்ளி மாற்றாத சாலையோரங்களில் இன்றும் இருக்கக்கூடும்.

உங்கள் மனைக்குள்ளேயே மூன்று விதமான மண் இருக்கலாம்: சாலையை ஒட்டியது, சுவரடியில் உள்ளது, பட்டறை இருந்த இடத்தது. பழைய ஜன்னல்களுக்குக் கீழே குனிந்து பாருங்கள். நீலமும் பச்சையுமாக, அரிசி நொய் அளவில் பெயிண்ட் செதில்கள் கிடக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். ஆனாலும் என் பெரிய கவலை பட்டறை இருந்த இடம்தான், ஏனெனில் பேட்டரித் தகட்டிலிருந்து உதிர்ந்த ஈயத்தூளும் அதனோடு சிந்திய அமிலமும் ஒரே இடத்தில் திரண்டிருக்கும். மூன்று மண்ணையும் கலந்து ஒரே பையில் ஆய்வுக்குக் கொடுத்தால் அந்த இடம் சராசரிக்குள் மறைந்துவிடும். தனித்தனிப் பைகளில் மேல்மண்ணை எடுத்து, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்த ஈயம், காட்மியம், குரோமியம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். ஒப்பிட ஓர் அளவு வேண்டுமானால், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடியிருப்பு மண்ணுக்கு ஈயத்தில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பதை எச்சரிக்கை அளவாக வைத்துள்ளது.

ஈயம் காய்க்குள் அதிகம் ஏறுவதில்லை. மண்துகள் ஒட்டும் கீரையிலும், மண்ணுக்குள்ளேயே வளரும் முள்ளங்கியிலும்தான் ஆபத்து கூடுதல். முடிவு வரும்வரை வெளியிலிருந்து வாங்கிய மண்ணும் தென்னை நார்க்கழிவும் நிரப்பிய பைகளில் கீரை வளர்க்கலாம். குழந்தைக்கோ கையை வாயில் வைப்பதே போதும். இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை மருத்துவரிடம் பட்டறை விஷயத்தைச் சொல்லி, இரத்த ஈயப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: கடுகும் சூரியகாந்தியும் வளர்த்தால் மண்ணிலுள்ள ஈயம் நீங்கிவிடும் என்கிறார்களே?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: வீட்டு மனையில் அதை நம்பி இருக்க வேண்டாம். மண்ணோடு இறுகிய ஈயத்தில் மிகச் சிறு பகுதியையே செடி எடுக்கும்; பல பத்தாண்டுகள் ஆகும். அறுத்த செடியையும் மாட்டுக்குப் போட முடியாது, எரிக்கவும் முடியாது. மாசு குறைவாக இருந்தால் மட்கு உரமிட்டுப் புல்லால் மூடுங்கள். மிகுதியாக இருந்தால் மேல்மண்ணை அகற்ற வேண்டியிருக்கும். அள்ளிய மண்ணைத் தெருமுனைக் காலிமனையில் கொட்டிவிடாதீர்கள்; எங்கே சேர்ப்பது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.