வாசகர் கேள்வி – பதில்: மால்டாவில் விளையாட்டுப் படிப்பு

மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே இருக்கும் மால்டாவில் விளையாட்டு அறிவியல் படிப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் மகள் மாநில அளவில் 400 மீட்டர் ஓடுகிறாள். மால்டாவில் இடம் கிடைக்கும்போல் இருக்கிறது. அங்கே போனால் ஓட்டத்தில் முன்னேறுவாளா? – ஒரு தாய், நாமக்கல்

படிப்பில் முன்னேறுவாள். ஓட்டத்தைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். தடகளத்துக்கான முக்கிய சிந்தெடிக் தடம் மார்சாவில் இருக்கிறது. பக்கத்து லேனில் தன்னைவிட வேகமாக ஓடும் பெண்கள் நாலைந்து பேர் தினமும் இருந்தால்தான் 400 மீட்டரில் நேரம் குறையும். சின்ன நாட்டில் அது அமைவது கடினம். ஆசிய அளவில் பதக்கம்தான் குறி என்றால் இந்தியாவிலேயே நல்ல பயிற்சி முகாம் மேல். பயிற்சியாளர், உடற்திறன் நிபுணர் என்று போக நினைத்தால் மால்டா நல்ல தேர்வு.

மால்டா பல்கலைக்கழகம் எம்சிதாவில் இருக்கிறது. பாடமொழி ஆங்கிலம். 50 மீட்டர் நீளமுள்ள தால்–இக்ரோக் தேசிய நீச்சல் குளம் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. படிப்புச் சுமையை அங்கே கிரெடிட் என்கிற அலகால் அளப்பார்கள். ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஆக 1,500 மணி நேரம். வகுப்பறையில் கழிவது இதில் ஒரு பங்குதான். ஆய்வகம், அறிக்கை எழுதுவது, சொந்தப் படிப்பு என்று மீதியெல்லாம் போகும். கால அட்டவணையில் இரண்டு மணி நேரம் காலியாகத் தெரிவதை வைத்துப் பயிற்சி நேரத்தைக் குறிக்காதீர்கள். ஊரில் இருந்து கிளம்புவதற்கு முன்பே அங்குள்ள தடகள கிளப் ஒன்றுக்கு எழுதி, அவள் ஓடும் நேரத்தைக் குறிப்பிட்டு, அந்த வேகத்தில் ஓடுபவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தீவில் வெயில் கடுமையாக இருக்குமா? – கல்லூரி மாணவர், மதுரை

ஜூலை, ஆகஸ்டில் பகல் வெப்பம் சராசரியாக 31, 32 டிகிரி. மதுரைக்காரருக்கு இது பெரிதல்ல. படிப்பு தொடங்குவதோ அக்டோபரில். முதலில் எதிர்ப்படுவது குளிர்காலம். நம் பிள்ளைகள் தயாராகாமல் போய் மாட்டிக்கொள்வதும் அதில்தான்.

ஜனவரி இரவில் 10 டிகிரி என்றால், ஊட்டியில் பார்க்காததா என்று தோன்றும். ஆனால் அங்கே பழைய வீடுகள் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லால், வெயிலைத் தடுப்பதற்காகக் கட்டியவை. பெரும்பாலானவற்றில் ஹீட்டர் பதித்திருக்காது. கல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மாலையில் நனைந்த ஷூவைக் கட்டிலுக்கடியில் விட்டால் காலையிலும் அதே ஈரம் இருக்கும். சில நாளில் உள் அட்டையில் சாம்பல் நிறப் பூஞ்சை பூக்கும். அதையே மாட்டிக்கொண்டு ஓடினால் விரலிடுக்கில் சேற்றுப்புண். இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். கழற்றியதும் உள் அட்டையை வெளியே எடுத்துவிட்டு, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். அறை பார்க்கும்போது, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரின் கீழ்மூலையில் பெயின்ட் உப்பியிருந்தால் அந்த அறை வேண்டாம்.

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். காற்றும் சேர்ந்துகொள்ளும். ஊரில் பத்து நிமிட வார்ம்அப்போடு வேக ஓட்டத்துக்குப் போனவர்கள் அங்கே இருபது நிமிடமாவது செய்ய வேண்டும். டிராக் பேன்ட்டைக் கடைசி நிமிடம் வரை கழற்றக் கூடாது. குளிர்ந்த தசை மெதுவாகத்தான் சுருங்கி விரியும். அந்த நிலையில் முழு வேகம் எடுத்தால் தொடையின் பின்தசை கிழியக்கூடும்.

குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தவருக்கு மே, ஜூன் மாதத்தில் வேறொரு ஆபத்து. உடலின் வெயில் பழக்கம் மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் போய்விடும். 'மதுரை வெயிலையே பார்த்தாயிற்று' என்று பழைய வேகத்தில் ஓடக் கூடாது. அதுவும் தென்கிழக்கில் இருந்து ஷ்லொக் என்கிற சூடான ஈரக்காற்று வீசும் நாளில் வியர்வை உலராது, உடல் சூடும் இறங்காது. முதல் நான்கு நாள் பாதி நேரம், மெதுவான ஓட்டம் மட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 10 முதல் 14 நாளில் முழுப் பயிற்சிக்கு வாருங்கள்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதை எடைமெஷின் சொல்லிவிடும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன் 60 கிலோ, பின் 59.1 கிலோ, நடுவில் குடித்தது 400 மில்லி என்றால் வெளியேறிய வியர்வை 1.3 லிட்டர். எடை இழப்பு 2 சதவீதத்தை, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 1.2 கிலோவை, தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்தது. குடிக்கலாம், சுவைதான் பலருக்குப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று குறைவாகக் குடிப்பதைவிட, எலுமிச்சை பிழிந்து குடியுங்கள்.

ஸ்லீமா கடற்கரையில் ஓட ஆரம்பித்த பிறகு கணுக்காலுக்கு மேல் முன்னெலும்பில் வலி. – மால்டாவில் படிக்கும் மாணவி

கான்கிரீட் தரைதான் முதல் சந்தேகம். வாரத்தில் இரண்டு நாளையாவது தா'காலி பூங்காவின் மண் பாதைக்கு மாற்றுங்கள். மொத்தத் தூரத்தை இரண்டு வாரத்துக்குப் பாதியாக்குங்கள். வலி ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டும்படி இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் இருந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும்.

அங்கே கிளப்பில் ஃபுட்பால் ஆட முடியுமா? – வாசகர், தூத்துக்குடி

இந்தியாவில் ஏதாவது கிளப்பில் பதிவாகியிருந்தால், அமெச்சூர் ஆட்டக்காரராக இருந்தாலும், ஃபிஃபா விதிப்படி சர்வதேச மாற்றுச் சான்று வேண்டும். அதை நீங்கள் வாங்கிக் கொண்டுபோக முடியாது. புதிய கிளப் கேட்டு, மால்டா கால்பந்துச் சங்கம் இந்தியக் கால்பந்துச் சங்கத்திடம் கோர வேண்டும். சான்றுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய பதிவை மறைப்பது பெரிய தவறு. பின்னால் தெரியவந்தால் தகுதியற்ற ஆட்டக்காரரை இறக்கியதாக அணியே தண்டனைக்கு உள்ளாகும். பதிவுக் காலம் முடிவதற்குள் வேலை முடிய வேண்டும் என்பதால், போனவுடன் கிளப்பிடம் பேசுங்கள்.

சைவம் சாப்பிடுபவருக்குப் புரதம் கிடைக்குமா? – வாசகி, கும்பகோணம்

கிடைக்கும். கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். சமைக்காத துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம்தான் வரும், ஆகவே பருப்பு மட்டும் போதாது. பிகில்லா என்று அவரை வகைப் பயறை மசித்துப் பூண்டு சேர்த்துச் செய்வது அங்கே எங்கும் கிடைக்கும். ரொட்டியில் தடவிச் சாப்பிடலாம். ஜ்பெய்னா என்கிற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் நல்லது. பஸ்டிட்ஸி என்கிற அடுக்கு மாவுப் பலகாரம் மலிவு, வாசனையாக இருக்கும். ஆனால் கொழுப்பு அதிகம், பயிற்சிக்கு முன் வேண்டாம்.

எந்தெந்தக் காகிதங்களில் தாமதமாகும்? அங்கே வேலை பார்த்துச் செலவைச் சமாளிக்கலாமா? – ஒரு தந்தை, சேலம்

முதலில் கல்லூரியைச் சரிபாருங்கள். ஏஜென்ட் சொல்லும் நிறுவனமும் படிப்பும் மால்டா உயர்கல்வி ஆணையத்தின் உரிமப் பட்டியலில் இருக்க வேண்டும். சான்றிதழ்களுக்கு மாநில அரசின் சான்றொப்பமும், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டிலும் (சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுவதற்கான அத்தாட்சி) வாங்கச் சில வாரங்கள் ஆகலாம். 90 நாளுக்கு மேல் தங்குவதால் டி வகை விசா வேண்டும். போலீஸ் நன்னடத்தைச் சான்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். விளையாட்டு மாணவருக்குப் பள்ளிகளில் செய்முறைப் பயிற்சி இருக்கும். சிறுவர்களோடு வேலை செய்பவரை 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே சரிபார்ப்பார்கள். போலீஸ் சான்று இல்லாமல் போய் ஒரு பருவத்தை இழந்துவிடக் கூடாது.

வேலை, முதல் 90 நாளுக்குப் பிறகு, அனுமதி பெற்று, வாரம் 20 மணி நேரம் வரைதான். முதல் நான்கு மாத வாடகையும் சாப்பாடும் கையிருப்பிலேயே இருக்கட்டும். ஒன்றைக் கவனியுங்கள்: மகன் ஊருக்குத் திரும்பிப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்பினால், மால்டாவின் விளையாட்டு அறிவியல் பட்டம் மட்டும் போதாது. அதற்கு பி.பி.எட். (உடற்கல்வி இளங்கலைப் பட்டம்) போன்ற தகுதி வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்கிற சான்றும் கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே இதை மகனிடம் பேசிவிடுங்கள்.