லண்டனில் பிறந்த அயர்லாந்துப் பாட்டு

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். 'தி டிபார்ட்டட்' படத்தில் வரும் டிராப்கிக் மர்ஃபீஸ் பாட்டு ஒன்று தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. அங்கிருந்து ஃபிளாகிங் மாலி, அப்புறம் தி போக்ஸ். இப்போது வண்டி ஓட்டும்போதும் இதுதான், கணக்கு சரிபார்க்கும்போதும் இதுதான். வீட்டில் 'குடிகாரக் கூச்சல்' என்கிறார்கள். வயலின் முறையாகக் கற்ற நண்பர் ஒருவர் 'இது அசல் அயர்லாந்து இசையே இல்லை' என்கிறார். எனக்கு அயர்லாந்தோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. குடிப்பதும் இல்லை. பாட்டில் பாதிச் சொற்கள் பிடிபடுவதில்லை. ஆனாலும் சில பாட்டுகளுக்குக் கண் கலங்குகிறது, அதே சமயம் கால் தாளம் போடுகிறது. எங்கள் ஊரில் சாவு மேளம் கேட்டால் வருமே, அந்த மாதிரி. இந்தப் பிரியம் உண்மையானதுதானா, இல்லை யூடியூப் பழக்கிவிட்டதா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வதை 1980களின் நடுவில் அயர்லாந்திலேயே சொன்னார்கள், இன்னும் கடுமையாக. ஃபிடிலிலும் பைப்பிலும் தலைமுறை தலைமுறையாக நுணுக்கம் சேர்த்து வாசித்தவர்களுக்கு, லண்டனில் நாலு பையன்கள் அதே மெட்டுகளை இரண்டு மடங்கு வேகத்தில் போட்டு உடைப்பதைப் பார்த்தால் வயிறு எரியாதா? இன்னொரு எரிச்சலும் இருந்தது. அயர்லாந்துக்காரன் என்றால் குடிகாரன், சண்டைக்காரன் என்று ஆங்கிலேயப் பத்திரிகைகள் கேலிச்சித்திரம் போட்டே பழகியவை. அந்தச் சித்திரத்தை நம் ஆளே மேடையேற்றுகிறானே என்ற கோபம். அது நியாயமில்லாத கோபம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் 'அசல்' என்ற அளவுகோலை வைத்தால் இந்த இசையில் ஒன்றும் தேறாது. போக்ஸ் குழு 1982இல் லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் தொடங்கியது. முதலில் வைத்த பெயர் போக் மஹோன். அது ஐரிஷ் மொழியில் ஒரு வசவு. வானொலியில் தகராறு ஆனதும் சுருக்கிக்கொண்டார்கள். முக்கியமான பாடல்களை எழுதிப் பாடிய ஷேன் மெக்கவன் 1957 கிறிஸ்துமஸ் அன்று பிறந்தது இங்கிலாந்தின் கென்ட்டில். பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். சிறுவயதில் கொஞ்ச காலம் அயர்லாந்தின் டிப்பரரியில் அம்மா வழி உறவுகளின் பண்ணை வீட்டில் வளர்ந்தார், அவ்வளவுதான். பாஞ்சோ வாசித்த ஜெம் ஃபைனர், அக்கார்டியன் வாசித்த ஜேம்ஸ் ஃபியர்ன்லி, டிரம்ஸ் அடித்த ஆண்ட்ரூ ராங்கென், டின் விசில் ஊதிய ஸ்பைடர் ஸ்டேசி எல்லாரும் ஆங்கிலேயர்கள். ஃபியர்ன்லி அதற்கு முன் கிட்டார்க்காரர். பியானோ தெரியும் என்பதற்காக அக்கார்டியனைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஸ்டேசி விசிலைக் குழுவுக்கு வந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். சில பாட்டுகளில் அவர் வாசித்த வாத்தியம் பீர் கொண்டுவரும் தகரத் தட்டு. அதால் தன் தலையிலேயே தாளத்துக்கு அடித்துக்கொள்வார். பழைய காணொளிகளில் பாருங்கள், விளையாட்டு அடி இல்லை அது.

பாட்டுகளின் பூர்வீகத்தைத் தோண்டினால் இன்னும் வேடிக்கை. இவர்கள் பாடிப் புகழ்பெற்ற 'டர்ட்டி ஓல்ட் டவுன்' அயர்லாந்துப் பாட்டு என்றுதான் பாதி உலகம் நினைக்கிறது. அது வட இங்கிலாந்தின் சால்ஃபர்ட் நகரத்தைப் பற்றி இவான் மெக்கால் 1949இல் எழுதியது. இவர்கள் பாடிய, முதல் உலகப் போரின் கலிபோலிச் சண்டையில் காலிழந்த சிப்பாயின் பாட்டை எழுதியவர், ஆஸ்திரேலியாவில் குடியேறிய எரிக் போகிள் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சரி, உங்களை உள்ளே இழுத்துவந்த அந்த பாஸ்டன் பாட்டு? வரிகள் வுடி கத்ரியுடையவை. ஓக்லஹோமாக்காரர். மரக்காலைத் தொலைத்த மாலுமி பற்றி அவர் எங்கோ கிறுக்கிவைத்த சில வரிகளை, அவர் இறந்து பல காலத்துக்குப் பிறகு டிராப்கிக் மர்ஃபீஸ் எடுத்து மெட்டமைத்தார்கள். அவர்கள் ஊதுவதும் ஸ்காட்லாந்து பேக்பைப். அயர்லாந்தின் பைப் வேறு: வாயால் ஊதாமல், முழங்கையால் துருத்தியை அழுத்தி, உட்கார்ந்து வாசிப்பது; பங்க் என்ற முரட்டு ராக் கச்சேரியின் இரைச்சலில் அது காதில் விழவே விழாது. உங்கள் நண்பரிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். அவர் இன்னும் கோபப்படுவார்.

இத்தனைக்குப் பிறகும் இதை அயர்லாந்து இசை என்று ஏன் சொல்கிறோம்? அயர்லாந்தை விட்டுப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டதால். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் அந்தத் தீவின் மக்கள்தொகை 80 லட்சத்துக்கு மேல். இன்றுவரை அந்த எண்ணைத் திரும்ப எட்டவில்லை. பஞ்சம் முடிந்தும் போவது நிற்கவில்லை. 1950களில் இங்கிலாந்தின் கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் போனார்கள், 1980களில் வேலை இல்லாமல் மறுபடி போனார்கள். லண்டனில் பிறந்த பிள்ளைகள் பள்ளியில் 'பேடி' என்று கேலிக்கு ஆளானார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அங்கே 'இங்கிலீஷ்காரப் பயல்'. இரண்டு பக்கமும் ஒட்டாத அந்தப் பிள்ளைகளின் சத்தம்தான் இது.

அப்போது லண்டனில் அயர்லாந்து உச்சரிப்போடு வாய் திறப்பதே வம்பு. 1974 நவம்பரில் பர்மிங்காமில் இரண்டு மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். பழி ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுமீது விழுந்தது. சில நாட்களுக்குள் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. துறைமுகத்தில் இறங்கும் எந்த அயர்லாந்துக்காரரையும் நிறுத்தி விசாரிக்கலாம் என்றானது. குற்றமே செய்யாத ஆறு பேரைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். அந்த ஆறு பேருக்காக போக்ஸ் 1988இல் பாடிய பாட்டைத் தனியார் ஒலிபரப்புகளில் போடக்கூடாது என்று பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஆணையம் தடுத்தது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. அடக்கமாக, அக்கம்பக்கம் கேட்காமல் பாடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த பாட்டுகளை இவர்கள் தொண்டை கிழியப் பாடியதற்குக் காரணம் பங்க் பாணி மட்டும் இல்லை. முதல் வரிசையில் நின்று கூடவே கத்தியவர்கள் எதைக் கொண்டாடினார்கள் என்பதும் இதிலிருந்து புரியும்.

உங்கள் சாவு மேள ஒப்பீட்டுக்கு வருகிறேன். அழுகையும் ஆட்டமும் ஒன்றாக வருவது வரைக்கும் சரி. அதற்கு மேல் கொண்டுபோகாதீர்கள். நம் ஊரில் இழவு வீட்டில் அடிப்பவர் வேறு, அழுபவர் வேறு. அந்த அடியின் பின்னால் சாதி இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது. அயர்லாந்துச் சாவு வீட்டில் இரவெல்லாம் பிணத்தோடு உட்கார்ந்திருக்கும் உறவும் நட்பும்தான் பாடும், குடிக்கும், கதை சொல்லும். பறையில் அடிதான் எல்லாம். இங்கே பாட்டின் சொல்தான் முதுகெலும்பு, தாளம் அதைச் சுமந்து ஓடுகிறது. ஜிக் என்ற நடன மெட்டு நம் கணக்கில் திஸ்ர நடை. தகிட தகிட என்று விழும் அந்த ஓட்டத்தில் யாராலும் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது. அதன் மேல் ஊரைப் பிரிந்தவன் பாட்டை வைத்தால் உங்களுக்கு நேர்வது நேரும்.

இதை ஒரே பாட்டில் பார்க்க வேண்டுமென்றால் போக்ஸின் 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' கேளுங்கள். கேட்டிருப்பீர்கள், மறுபடி கேளுங்கள். முதலில் ஃபியர்ன்லியின் பியானோ மட்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, குடித்துவிட்டு லாக்கப்பில் கிடப்பவன் நிதானமாக நினைத்துப் பார்க்கிறான். அப்புறம் விசிலும் அக்கார்டியனும் உள்ளே வர, பாட்டு எழுந்து ஆடத் தொடங்குகிறது. கனவோடு அமெரிக்காவுக்கு வந்த ஜோடி ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொள்கிறது. திட்டு உச்சத்துக்குப் போகும் இடத்தில் பல்லவி வந்து, பழைய ஊரின் பாட்டைக் காவலர் குழு பாடுவதாக ஊரையே நினைவூட்டுகிறது. இப்படி ஒரு காவலர் பாடகர் குழுவே நியூயார்க்கில் கிடையாது. இருந்தது பேக்பைப் குழு. வீடியோ எடுக்கப் போனபோது அவர்களுக்கு அந்த அயர்லாந்துப் பாட்டு தெரியவில்லை, மிக்கி மவுஸ் பாட்டைப் பாடிச் சமாளித்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த விஷயம்.

இந்தப் பாட்டை எழுதி முடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆனது. ஃபைனர் முதலில் ஒரு மாலுமியின் கதையாகத் தொடங்கினார். அவர் மனைவி 'இது சரியில்லை' என்று சொல்லி, கிறிஸ்துமஸ் அன்று சண்டை போடும் புருஷன் பெண்டாட்டி என்ற யோசனையைக் கொடுத்தார். பெண் குரலுக்கு இருந்த கேட் ஓரியார்டன் குழுவை விட்டுப் போய்விட்டார். தயாரிப்பாளர் ஸ்டீவ் லிலிவைட், சும்மா வழிகாட்டிக் குரலாக இருக்கட்டும் என்று தன் மனைவி கிர்ஸ்டி மெக்காலைப் பாடவைத்து வீட்டில் பதிவு செய்து கொண்டுவந்தார். கேட்டவர்கள் வேறு ஆளே தேடவில்லை. ('டர்ட்டி ஓல்ட் டவுன்' எழுதிய இவான் மெக்காலின் மகள்தான் கிர்ஸ்டி.) 1987 கிறிஸ்துமஸில் பிரிட்டனில் இரண்டாம் இடம், அயர்லாந்தில் முதலிடம். மெக்கவன் 2023 நவம்பர் 30 அன்று இறந்தார். டிசம்பர் 8 அன்று டப்ளின் தெருக்களில் ஜனங்கள் பாடிக்கொண்டே வழியனுப்பினார்கள். டிப்பரரியில் நீனா என்ற ஊரின் தேவாலயத்தில் இதே பாட்டைப் பாடியபோது குடும்பத்தினர் எழுந்து ஆடினார்கள். நாட்டின் ஜனாதிபதி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்வது உங்களுக்கு மட்டும் நடக்கும் கோளாறு இல்லை.

குடிகாரக் கூச்சல் என்று வீட்டில் சொல்வதற்கும் பதில் சொல்லவேண்டும். மெக்கவன் குடித்தார், வேறு பலதும் எடுத்துக்கொண்டார். 1991இல் ஜப்பான் சுற்றுப்பயணத்தின் நடுவே அவரது குழுவே அவரைப் போகச் சொல்லிவிட்டது. 2015இல் இடுப்பெலும்பு முறிந்த பிறகு சக்கர நாற்காலிதான். இதில் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. அவர் பாடுவதைக் கேட்க வந்தவர்களோடு, அவர் எப்போது விழுவார் என்று பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். கையில் கோப்பை இல்லாத மெக்கவன் படம் யாருக்கும் தேவைப்படவில்லை. இலக்கியத்துக்கு உதவித்தொகை வாங்கி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளிக்குப் போன பையன், அடுத்த ஆண்டே போதைப்பொருளோடு பிடிபட்டு வெளியேற்றப்பட்டவர் என்பதில், இரண்டாம் பாதியைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அவர்களுடைய 1988 ஆல்பத்தின் அட்டையில் குழுவினரோடு அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸின் படமும் இருக்கும். விளையாட்டுக்குத்தான், ஆனால் ஆள் தெரியாமல் வைத்த விளையாட்டு இல்லை. எனக்கு அந்தக் குடிப் புராணத்தில் ஆர்வமே இல்லை. அதைப் பாட்டின் ஒரு பகுதியாக ரசிப்பவர்களிடம் கொஞ்சம் கோபம்கூட உண்டு. நீங்கள் குடிக்காமல் கேட்பது ஒரு வசதி, சொற்கள் காதில் விழும்.

சொற்கள் பிடிபடவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர் உச்சரிப்பு ஆங்கிலேயர்களுக்கே பிடிபடாது. வரிகளை ஒருமுறை தனியாக வாசித்துவிட்டுக் கேளுங்கள், போதும்.

பின்னால் வந்த குழுக்களில் எனக்கு எல்லாமே ஒப்பாது. ஃபிளாகிங் மாலியின் டேவ் கிங் டப்ளினில் பிறந்து லாஸ் ஏஞ்சலஸில் குழு சேர்த்தவர். அவர் எழுத்தில் பிரிவின் வலி இருக்கிறது. டிராப்கிக் மர்ஃபீஸ் பாஸ்டன் பக்கத்துக் குவின்சியில் 1996இல் தொடங்கியவர்கள். தொழிற்சங்கப் பாட்டு பாடும்போது அவர்களை நம்புகிறேன், பேஸ்பால் பாட்டு பாடும்போது எழுந்து காபி போடப் போய்விடுவேன். இவர்களைப் பார்த்து ஊருக்கு ஊர் முளைத்த பச்சைச் சட்டைக் குழுக்களில் பலவற்றை மூன்று பாட்டுக்கு மேல் தாங்க முடியாது. ஒரே வேகம், ஒரே சத்தம், மார்ச் 17, அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் திருநாள் வந்தால் வியாபாரம். உங்கள் நண்பர் இவர்களைத் திட்டினால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அடுத்து என்ன கேட்கலாம் என்றால், போக்ஸின் 1985 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேளுங்கள். எல்விஸ் காஸ்டெல்லோ தயாரித்தது. அவசரத்தை அப்படியே விட்டுவைத்திருப்பார். பிறகு 1988 ஆல்பத்தில் ஃபிலிப் செவ்ரான் எழுதிய 'தவ்சண்ட்ஸ் ஆர் செய்லிங்'. அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களைப் பற்றி மெக்கவனே இவ்வளவு நன்றாக எழுதவில்லை என்பது என் எண்ணம். அதன் பிறகு பின்னோக்கிப் போய் தி டப்ளினர்ஸ். 1987இல் அந்தப் பெரியவர்கள் இந்தப் பையன்களோடு ஒரே மேடையில் 'தி ஐரிஷ் ரோவர்' பாடினார்கள், பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தது. இப்போதைய ஆட்களில் டண்டாக்கிலிருந்து வரும் தி மேரி வாலப்பர்ஸ் உங்களுக்குப் பிடிக்கும். வயலின் நண்பருக்கு டப்ளினின் லாங்கம் குழுவைப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வேகத்தை முழுக்கக் கைவிட்டவர்கள், ஒரே சுருதியை நிமிடக்கணக்கில் இழுப்பார்கள். அதையும் அவர் அசல் இல்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.